முரசு உள்ளே, முழக்குபவர் வெளியே

ஆப்பிரிக்காவுக்கு வரலாறு என்று ஒன்று உண்டா இல்லையா என்ற வழக்கு 1963-இல் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பு எழுதியவர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர். ஆக்ஸ்ஃபோர்டில் அரசியின் பெயரால் நியமிக்கப்படும் வரலாற்றுப் பேராசிரியர் நாற்காலி அவருடையது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவை பிபிசி நாடு முழுக்க ஒளிபரப்பியது. இந்தக் காலத்து மாணவர்கள் கறுப்பு ஆப்பிரிக்காவின் வரலாற்றையும் சொல்லித்தரச் சொல்கிறார்களாம். பின்னாளில் அப்படி ஏதாவது முளைத்தாலும் முளைக்கலாம். இப்போதைக்கு அங்கே ஐரோப்பியர் போய்வந்த கதை மட்டுமே உண்டு, மிச்சமெல்லாம் இருட்டு, இருட்டைப் பாடமாக வைக்க முடியாது என்றார். உலகத்தின் ஏதோ மூலைகளில் சில கூட்டங்கள் காரணமில்லாமல் சுற்றிச் சுழன்றதைப் படித்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்பதும் அவர் கவலை.

அந்தக் கண்ணின் கூர்மையைச் சந்தேகிக்கக் கூடாது. இருபது ஆண்டு கழித்து, 1983-இல், ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் பத்திரிகையிடம் ஹிட்லரின் நாட்குறிப்புகள் வந்து சேர்ந்தன. சுமார் 60 நோட்டுகள். சரக்கு அசல்தானா என்று பார்க்க அதே பேராசிரியரை, அதற்குள் பிரபுப் பட்டமும் பெற்றிருந்தவரை, சூரிக் நகரின் வங்கிப் பெட்டக அறைக்குக் கூட்டிப்போனார்கள். புரட்டிப் பார்த்தார்; அசல் என்றார். கொஞ்ச நாளில் அவருக்கே சந்தேகம் தட்டியது, ஆனால் அதற்குள் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஜெர்மன் அரசு சோதித்தபோது தாளில் போருக்குப் பின்னால் புழக்கத்துக்கு வந்த ரசாயனம் இருந்தது. எழுதியவர் கொன்ராட் கூயாவ் என்ற மோசடிக்காரர். பழசாகத் தெரிய வேண்டும் என்று பக்கங்களில் தேநீரை ஊற்றியிருந்தார். அட்டையில் ஒட்டியிருந்த முதலெழுத்து 'ஏ' கூட இல்லை, 'எஃப்'. ஒரு கண்டம் முழுக்கத் துழாவியும் வரலாறு அகப்படாத கண்ணுக்கு, டீக்கறை படிந்த நோட்டில் அது பளிச்சென்று தெரிந்தது.

ட்ரெவர்-ரோப்பர் இருட்டு என்று கைகாட்டிய இடத்தில், அவர் பேசிய அந்த ஆண்டு என்ன நடந்துகொண்டிருந்தது? 1963 அக்டோபர் 25 அன்று, கானாவில் அக்ராவை ஒட்டிய லெகோன் வளாகத்தில், அதிபர் குவாமே நிக்ருமா ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தை முறைப்படி திறந்துவைத்தார். அங்கே பணியாற்றிய இசையறிஞர் ஜே.எச். குவாபெனா இன்கெட்டியா, அகான் சமூகங்களின் முரசடிப்பைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1963-இல்தான். அகான் மொழியில் தொனி ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் இன்னொரு பொருள். அத்தும்பன் என்பது இரட்டை முரசு. ஒன்று கனத்த குரல், மற்றொன்று மெல்லிய குரல். கொக்கி போல வளைந்த கோலால் இரண்டிலும் மாறி மாறி அடித்துப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவருவார்கள். திருவிழா நாளில் அரண்மனை முரசறைபவர் அதில் என்ன பேசுவார் தெரியுமா? மன்னர் பரம்பரையை. யார் எங்கிருந்து வந்தார், யார் எந்தப் போரில் வென்றார், யாருக்குப் பின் யார். பேராசிரியர் இல்லை என்று சொன்ன அதே பொருளைத்தான் அந்த ஊர்க்காரர்கள் முரசில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அது சத்தமாகத்தான் கேட்டது.

எழுத்தில்தான் வேண்டும் என்றால் அதுவும் இருந்தது. பயணி இபின் பதூதா 1352-இல் புறப்பட்டு மாலி அரசவைக்குப் போய்ப் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். அடியில் சிறு சுரைக்குடுக்கைகள் தொங்கும் ஒரு கருவியை அரசர் முன்னால் வாசித்துப் புகழ் பாடிய டூகா என்பவரின் பெயர் உட்பட. திம்புக்துவில் அல்-சாதி 17-ஆம் நூற்றாண்டில் தம் நாட்டின் வரலாற்றை அரபியில் எழுதினார். அரபி தெரிந்த ஆட்கள் ஆக்ஸ்ஃபோர்டிலேயே இருந்தார்கள். அடுத்த கட்டடத்துக்கு நடந்துபோய்க் கேட்க நேரமில்லை போலும்.

வரலாறு இல்லை என்ற சாக்கு மெல்ல மெல்ல ஓட்டையானதும் வேறொரு விதி கைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் நன்றாக ஏதாவது இருந்தால் அதைச் செய்தவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். மகா ஜிம்பாப்வேயில் சாந்து இல்லாமல் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய மதில் இன்றும் நிற்கிறது. சில இடங்களில் 11 மீட்டர் உயரம். கட்டியவர்கள் இன்றைய ஷோனா மக்களின் முன்னோர். ஆனால் அது ஷீபா ராணியின் மாளிகை, ஃபினீஷியர் கோட்டை என்று சத்தியம் செய்தார்கள். 1902-இல் காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், மேலே கிடந்த 'உள்ளூர்க் குப்பையை' அகற்றிவிட்டு அடியில் அசல் நாகரிகத்தைத் தேடினார். அவர் வாரிக் கொட்டிய குப்பைதான் அந்த நாகரிகம். 1905-இல் டேவிட் ராண்டல்-மேக்கைவர் வந்து பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியது என்றார். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் தோண்டிப் பார்த்து அதையே சொன்னார். அப்புறமும் அந்த இடம் அடங்கிய ரொடீசியாவை ஆண்ட இயன் ஸ்மித்தின் வெள்ளை அரசு, இதை வெளிப்படையாகச் சொன்ன தொல்லியல் அதிகாரி பீட்டர் கார்லேக்கை 1970-இல் நாட்டைவிட்டுப் போகும் நிலைக்குத் தள்ளியது. கறுப்பன் கட்டிய சுவரைக் கறுப்பன் கட்டினான் என்று சொன்னதுதான் குற்றம்.

நைஜீரியாவின் இஃபே நகரத்துச் சிற்பத் தலைகளை 1910-இல் பார்த்த லியோ ஃப்ரொபீனியஸ், கடலுக்குள் போன அட்லாண்டிஸ் இங்கேதான் கரையேறியிருக்கிறது என்றார். இல்லாத கண்டத்துக்குச் சிற்பி கிடைத்தார்; இருக்கிற ஊருக்குக் கிடைக்கவில்லை. சைலஃபோன் கதை இன்னும் விசேஷம். வட ரொடீசியாவில் பாதிரியாராக இருந்து, பின்பு லண்டன் கீழைத்தேய ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியில் இசை கற்பித்த ஏ.எம். ஜோன்ஸ், சுருதி ஒத்துப்போகிறது என்ற கணக்கை வைத்து, ஆப்பிரிக்க சைலஃபோன் இந்தோனேசியாவிலிருந்து வந்தது என்று 1964-இல் ஒரு புத்தகமே போட்டார். மரக்கட்டையைத் தட்டினால் ஓசை வரும் என்று கண்டுபிடிக்க ஒரு பெருங்கடலைத் தாண்டி ஆள் வர வேண்டியிருந்திருக்கிறது, பாவம்.

இசைத்துறையின் பெரிய பூட்டு 'ஆப்பிரிக்கத் தாளம்'. கானாவிலிருந்து போய்ப் பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த கோஃபி அகாவு இதைப் பல ஆண்டுகளாகக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள், எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு, தாளம் என்று வாயைக் கட்டினார்கள். காங்கோ படுகைக் காட்டு மக்கள் பல குரல்களைப் பின்னிப் பாடுகிறார்கள். தான்சானியாவின் கோகோ மக்கள் அடுக்கடுக்காகச் சுரம் சேர்க்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கோராவில் 21 தந்திகள். ஆனால் பாடத்திட்டத்தில் ஐரோப்பியருக்கு மூளை, ஆப்பிரிக்கருக்கு இடுப்பு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கைப் படிப்பது 'இசை'. அத்தும்பனைப் படிப்பது 'இன இசையியல்'. ஜெர்மானியரும் ஓர் இனம்தான் என்று யாரும் அந்தத் துறைக்கு நினைவூட்டவில்லை.

களப்பணி என்ற புனித யாத்திரை ஒன்று உண்டு. ஆராய்ச்சி மாணவர் ஒலிப்பதிவுக் கருவியும் மலேரியா மாத்திரையும் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போவார். ஐம்பது வருடமாக முரசடிக்கும் கிழவர் ஒருவர் அவருக்கு வாசிப்பார், விளக்குவார், கையைப் பிடித்து அடிக்கச் சொல்லிக்கொடுப்பார், சாப்பாடும் போடுவார். ஆய்வேட்டில் அவருக்குப் பெயர் 'தகவலாளி'. மாணவருக்குப் பட்டம், அப்புறம் நிரந்தர வேலை, அப்புறம் அந்த முரசுக்கு உலகத்திலேயே பெரிய நிபுணர் என்ற பேர். கிழவருக்கு நன்றியுரையில் ஒரு வரி. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு முறை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்து மணிக்கணக்குக் கூலிக்குப் பயிற்றுநராக வைத்துக்கொள்வார்கள். மாணவருக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் மட்டும் இருக்காது, ஏனென்றால் அவரிடம் பட்டம் இல்லை. அவரைப் பற்றி எழுதித்தான் மற்றவர் பட்டம் வாங்கினார் என்பது விதிமுறையில் வராது.

கருவிகளுக்கு இதைவிட நல்ல மரியாதை. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு அகான் முரசு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அநேகமாக அடிமைக் கப்பலில், விர்ஜீனியாவுக்குப் போய், அங்கிருந்து ஹான்ஸ் ஸ்லோன் என்ற சீமானின் சேகரிப்புக்கு வந்தது. அவருடைய சேகரிப்பிலிருந்துதான் 1753-இல் மியூசியமே பிறந்தது. அந்த முரசை விர்ஜீனியா செவ்விந்தியர் முரசு என்றே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்க மரம், அகான் வேலைப்பாடு, எல்லாம் கண்ணெதிரில். அடிமைக் கப்பல்களின் மேல்தளத்தில் சங்கிலி கட்டிய மனிதர்களை உடற்பயிற்சிக்காகச் சாட்டை வீசி ஆடவைத்தார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அதற்கு முரசும் தேவைப்பட்டது. இத்தனைக்கும் அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் வேறொரு மக்களின் பெயரில் அது உட்கார்ந்திருந்தது.

தென்னாப்பிரிக்காவுக்கு வாருங்கள். புகையிலை பயிரிட இங்கிலாந்திலிருந்து தென் ரொடீசியாவுக்கு வந்த ஹியூ டிரேசிக்கு வயலில் வேலை செய்தவர்களின் பாட்டு பிடித்துப்போனது. 1954-இல் பன்னாட்டு ஆப்பிரிக்க இசை நூலகத்தை நிறுவினார். பல நாடுகளில் அலைந்து பதிவுசெய்து 200-க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் கொண்ட வரிசையை வெளியிட்டார். உழைப்பு பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. இன்று பல பாடல்களுக்கு அந்தப் பதிவு ஒன்றே சாட்சி. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் முகாம்களிலும் பதிவு நடந்தது, குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லாத ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டம். இசைத்தட்டின் உறையில் ஆட்டத்தைப் பற்றிக் குறிப்பு இருக்கும்; முகாமைச் சுற்றியிருந்த வேலியைப் பற்றித் தேடிப் பாருங்கள்.

அந்த நூலகம் 1978 முதல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ரோட்ஸ் யார் என்று சொல்லத் தேவையில்லை. வைரமும் நிலமும் வாரிச் சுருட்டியவர். ஒரு நாட்டுக்கே தன் பெயரைச் சூட்டிக்கொண்டவர். பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பழைய பெயர் கிரஹாம்ஸ்டவுன். 1819-இல் அந்த ஊர்க் கோட்டைமீது படையெடுத்து, சரணடைந்து, ராபன் தீவுச் சிறைக்குப் போய், தப்பிக்கும்போது கடலில் மூழ்கிய கோசா தலைவர் மக்காண்டாவின் பெயரை 2018-இல் ஊருக்கு வைத்தார்கள். பல்கலைக்கழக மன்றமோ 2017-இல் கூடி, ரோட்ஸ் பெயரே இருக்கட்டும் என்று வாக்களித்துவிட்டது. ஆப்பிரிக்க இசையைப் படிக்க அங்கே கடிதம் போடுகிறவர், உறையின் முதல் வரியில் கொள்ளையடித்தவரையும் கடைசி வரியில் எதிர்த்தவரையும் எழுத வேண்டும். நடுவில் தபால் பெட்டி எண்.

இசை படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டிய வழக்கு ஒன்று. சாலமன் லிண்டா, நேட்டாலின் ம்சிங்கா பகுதிக்காரர், ஜோகன்னஸ்பர்க்கில் காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் இசைத்தட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலை. 1939-இல் தம் குழுவோடு அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய் 'ம்புபே' என்ற பாட்டைப் பாடினார். பொருள் சிங்கம். பதிவின் முடிவில், ஒத்திகையில் இல்லாத ஒரு மெட்டு அவர் தொண்டையிலிருந்து வந்தது. உலகம் இன்று முணுமுணுக்கும் மெட்டு அதுதான். உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமக்ஸ் வழியாக இசைத்தட்டு நியூயார்க் போனது. 1950-களின் தொடக்கத்தில் பீட் சீகரின் வீவர்ஸ் குழு பாடியது. எழுதியவர் பெயர் பால் கேம்ப்பெல் என்று அச்சானது. அப்படி ஓர் ஆள் பூமியில் இல்லை. பதிப்பு வட்டாரம் கைவசம் வைத்திருந்த புனைபெயர். பிறக்காதவனுக்கு ராயல்டி, பாடியவனுக்குப் பத்து ஷில்லிங். 1961-இல் டோக்கன்ஸ் குழு ஆங்கில வரிகளோடு பாடி உலகப் பாட்டாக்கியது. அடுத்த ஆண்டே லிண்டா இறந்தார். வங்கியில் 25 டாலர்கூட இல்லை. 1994-இல் டிஸ்னியின் சிங்கராஜா படத்திலும் அது ஒலித்தது.

மகள்கள் சொவேட்டோவில் வறுமையில் இருப்பதை 2000-இல் ரியான் மாலன் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகுதான் வழக்கறிஞர்கள் விழித்தார்கள். ஒரு மகள் எய்ட்ஸ் நோயில் 2001-இல் இறந்துபோனார். 2004-இல் வழக்கு. கைகொடுத்தது எது தெரியுமா? 1911-ஆம் ஆண்டு ஏகாதிபத்தியப் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியர் இறந்து 25 ஆண்டு ஆனால் உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் பிள்ளைகளுக்காக அதில் ஒரு பிரிவு இருந்தது. சாம்ராஜ்யம் மறந்துபோய்ப் போட்ட ஒரே நல்ல காரியம். 2006-இல் சமரசம்; தொகை ரகசியம். ஊரான் வீட்டு நெய்யில் இத்தனை வருஷம் விருந்து நடத்தியவர்கள், எவ்வளவு நெய் என்று மட்டும் வெளியே சொல்லவில்லை.

கற்பிக்கப் போன ஆப்பிரிக்கர்களின் கதை தனி. எஃப்ரைம் அமு, இன்றைய கானாவான கோல்ட் கோஸ்ட்டின் அக்ரோபொங் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இசையாசிரியர். ஊர் வேட்டித் துணியைப் போர்த்திக்கொண்டு தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். ஊர் இசையைக் கோவிலுக்குள் கொண்டுவந்தார். 1933-இல் வேலை போனது. பின்னாளில் சுதந்திர கானா அவர் முகத்தை 20,000 செடி (கானா நாணயம்) நோட்டில் அச்சடித்தது. செனகலின் ஷேக் அந்தா டியோப் பாரிஸில் எழுதிய ஆய்வேட்டை மதிப்பிட 1951-இல் குழுவே அமையவில்லை. 1960-இல் ஒருவழியாகப் பட்டம் கொடுத்தார்கள், பல்கலைக்கழக வேலைக்கு உதவாத தரத்தில். டாக்கரில் கரிம முறையில் காலம் கணிக்கும் ஆய்வகத்தை நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பெடுக்க அனுமதி கிடைத்தது 1981-இல். 1986-இல் மறைந்தார். மறு ஆண்டே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஆர்ச்சி மஃபேஜேயை இன்னும் பாடாய்ப் படுத்தினார்கள். 1968-இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் அவரைச் சமூக மானுடவியலில் மூத்த விரிவுரையாளராகத் தேர்ந்தெடுத்தது. நிறவெறி அரசு உறுமியது. பல்கலைக்கழக மன்றம் வாலைச் சுருட்டிக்கொண்டு நியமனத்தை ரத்துசெய்தது. சுமார் 600 மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர், நிர்வாகக் கட்டடத்தில் ஒன்பது நாள் குந்தியிருந்தார்கள். மன்றம் அசையவில்லை. மஃபேஜே தார் எஸ் சலாம், தி ஹேக், கெய்ரோ என்று ஊர் ஊராகக் கற்பித்தார். நிறவெறி சாய்ந்த 1990-களில் அதே பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் பேராசிரியர் பதவிக்கு மனுப்போட்டார். அப்போதும் கிடைக்கவில்லை, இந்த முறை பழிபோட அமைச்சரும் இல்லை. 2003-இல் மன்னிப்புக் கேட்டார்கள். 2007-இல் அவர் இறந்தார். 2008-இல் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தார்கள், மாணவர்கள் குந்தியிருந்த கட்டடத்து அறைக்கு அவர் பெயரும் சூட்டினார்கள். அறை காலியாகத்தான் இருந்தது. உயிரோடு இருந்தபோது அதில் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

அவருக்குக் கிடைக்காத அந்தப் பதவிக்கு வந்த உகாண்டாக்காரர் மஹ்மூத் மம்தானியும் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1997-இல் அவர் ஆப்பிரிக்காவைப் பற்றி முதலாண்டுப் பாடம் ஒன்றை வகுத்தார். சக ஆசிரியர்கள் அதை ஓரங்கட்டிவிட்டு வேறொன்றைத் தயாரித்தார்கள். அதில் ஆப்பிரிக்க அறிஞர்களின் எழுத்து இல்லாத குறையைச் சுட்டி, நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய பண்டு கல்வியின் புது வீடா இது என்று அவர் பகிரங்கமாகக் கேட்டார். பதில் வருவதற்குள் அவர் நியூயார்க் போய்விட்டார்.

கேம்பிரிட்ஜில் ஜீசஸ் கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு வெண்கலச் சேவல் நின்றது. 1897-இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைக் கொளுத்திக் கொள்ளையடித்தபோது அள்ளியது. ஒரு மாணவரின் தகப்பனார் 1905-இல் அன்பளிப்பாகக் கொடுத்தார். கல்லூரியின் சின்னத்திலேயே சேவல் உண்டாம்; பொருத்தமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். அறநெறித் தத்துவத்தில் பரீட்சை எழுதிய எத்தனையோ தலைமுறை அதன் நிழலில் சூப்புக் குடித்திருக்கிறது. 2016-இல் மாணவர்கள் கேட்ட பிறகு மண்டபத்திலிருந்து எடுத்தார்கள். 2021 அக்டோபரில் நைஜீரியாவிடம் ஒப்படைத்தார்கள். இடையில் ஐந்து வருடம் போனது. திருட்டுச் சேவலைத் திருப்பிக் கொடுக்கக் கேம்பிரிட்ஜுக்கு ஐந்து வருடம்.

அதற்கிடையில் 2020 வந்தது. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்தார். பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் மனசாட்சி பிறந்தது. அறிக்கை, குழு, துணைக்குழு, காலனிய நீக்கப் பயிலரங்கு, பயிலரங்கில் பிஸ்கட். பாடத்திட்டத்தைக் காலனியத்திலிருந்து விடுவிப்போம் என்று சபதம். சரி, மூன்று வருடம் கழித்துப் பார்ப்போம்.

தென் இங்கிலாந்தில் சிசெஸ்டர் பல்கலைக்கழகம். அங்கே ஹகீம் அடி என்ற வரலாற்றாசிரியர் இருந்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒருவர் பிரிட்டனில் வரலாற்றுப் பேராசிரியரானது அவரோடுதான் தொடங்கியது, ஆண்டு 2015. எண்ணூறு வருடத்துக்கும் மேலாகப் பல்கலைக்கழகம் நடத்தும் நாட்டில், என்று சேர்த்து வாசியுங்கள். 2018-இல் அவர் ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோர் வரலாற்றில் ஆய்வு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். பள்ளியில் வரலாறு என்றாலே தங்களை அடிமையாக மட்டும் பார்த்து வெறுத்துப்போன ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினரை, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வயதானவர்களைக்கூட, ஆராய்ச்சிக்குள் இழுத்துவர வேண்டும் என்பது நோக்கம். வந்தார்கள். சிலர் முனைவர் பட்ட ஆய்வுக்கும் போனார்கள். 2023-இல் பல்கலைக்கழகம் கணக்குப் பார்த்தது. படிப்பு தன் செலவை ஈட்டவில்லை, மாணவர் எண்ணிக்கை போதாது என்றது. புதுச் சேர்க்கை நிறுத்தம். பேராசிரியர் ஆட்குறைப்பில் வெளியே. அதே ஆண்டு, பிரிட்டனில் ஆப்பிரிக்க, கரீபிய மக்களின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் உல்ஃப்சன் வரலாற்றுப் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. மாணவர்கள் சட்டப் போராட்டத்தில் இறங்க வேண்டிவந்தது.

கணக்குப் பார்ப்பது நல்ல பழக்கம். முழுசாகப் பார்க்கலாமே. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2018-இல் தானே ஓர் ஆய்வு செய்து, அடிமை வியாபார லாபத்திலிருந்து தனக்கு வந்த நன்கொடை இன்றைய மதிப்பில் 1.67 கோடி பவுண்டிலிருந்து 19.8 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அது ஒரே ஒரு பல்கலைக்கழகம், அதுவும் வாய்திறந்த ஒன்று. அந்தப் பணம் வந்தபோது, இது செலவை ஈட்டுமா என்று எந்த நிதிக்குழுவும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு கண்டத்தையே விற்றுக் கட்டடம் கட்டியபோது லாபக்கணக்கு. அந்தக் கண்டத்தைப் பற்றி ஒரு வகுப்பு நடத்தினால் நட்டக்கணக்கு.

வெள்ளைக்காரனைத் திட்ட நமக்கு நாக்கு நன்றாகச் சுழலும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் துறை 1955-இலிருந்து இருக்கிறது. ஆசிய-ஆப்பிரிக்க சகோதரத்துவம் பற்றி அங்கே எத்தனை கருத்தரங்கு நடந்திருக்கும். அந்தத் தலைநகரை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் 2017 மார்ச்சில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் கூடி அடித்தது. ஒரு வணிக வளாகத்துக்குள் நாற்காலியையும் குப்பைக் கூடையையும் தூக்கித் தாக்கியது கேமராவில் பதிவானது. இது இனவெறி என்று ஆப்பிரிக்கத் தூதர்கள் சொன்னார்கள். இல்லவே இல்லை என்றது நம் அரசு. அதற்கு முந்தின ஆண்டு அதே லெகோன் வளாகத்துக்கு நாம் காந்தி சிலையை அன்பளிப்பாகக் கொண்டுபோய் வைத்திருந்தோம். தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் கறுப்பினத்தவர் பற்றி அவர் எழுதியதைப் படித்திருந்த பேராசிரியர்கள் எதிர்த்து மனுப்போட்டார்கள். 2018 டிசம்பரில் சிலை இறங்கியது. நாம் சிலை அனுப்புகிறோம், அவர்கள் படித்துப் பார்க்கிறார்கள். நாமும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

ஆப்பிரிக்கவியல் மாநாடுகள் நடக்கும் லண்டனுக்குத் திரும்புவோம். மாநாட்டுக்கு ஓர் ஆப்பிரிக்க அறிஞர் வருவதற்கு முன்னால் அவர் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகக் கடிதம், திரும்பிப் போவார் என்பதற்கு அத்தாட்சி எல்லாம் தர வேண்டும். கணக்கில் பணம் குறைவாக இருந்தால் ஓடிப்போவார். திடீரென்று கூடுதலாக இருந்தால் யாரோ போட்டது. கல்யாணமாகாதவர் என்றால் ஊருக்குத் திரும்பக் காரணமில்லை. மற்ற கண்டத்தவரைவிட ஆப்பிரிக்கருக்கு விசா மறுக்கப்படும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2019-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழுக்களே அறிக்கை கொடுத்தன. ஆகவே மேடையில் பெயர்ப்பலகை இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஆப்பிரிக்கர்களின் நடமாட்டச் சுதந்திரம் பற்றிய அமர்வை, சுதந்திரமாக நடமாடும் மற்றவர்கள் நடத்தி முடித்துவிட்டு, இல்லாதவர்களின் குரல் எவ்வளவு முக்கியம் என்று பேசிக்கொண்டே மதிய உணவுக்குப் போவார்கள்.

பாரிஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஐவரி கோஸ்ட்டில் அபிஜான் பகுதி எப்ரியே மக்களிடம் ஜிஜி அயோக்வே என்ற பேசும் முரசு இருந்தது. ஒரே மரத்தைக் குடைந்தது. மூன்று மீட்டருக்கும் மேல் நீளம், 430 கிலோ எடை. கட்டாய வேலைக்கு ஆள்பிடிக்க பிரெஞ்சு அதிகாரிகள் வரும்போது அது ஊர் ஊராக எச்சரிக்கை சொல்லும். ஆண்கள் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். 1916-இல் முரசைக் கைதுசெய்தார்கள். பிறகு கப்பலேற்றிப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் அடைத்தார்கள். அரசுச் சேகரிப்பில் ஒருமுறை நுழைந்த பொருளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம். திருடியதும் அதில் சேர்த்தி. ஆகவே அந்த ஒற்றை மரத்துண்டை விடுவிக்கத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. உறுப்பினர்கள் நெகிழ்ந்து பேசினார்கள்.

அந்த முரசைப் பற்றிப் படிக்க அதே அபிஜானிலிருந்து ஒரு பெண் பாரிஸுக்கு வர நினைத்தால்? 2018 நவம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு திட்டம் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு இளங்கலை ஆண்டுக் கட்டணம் 170 யூரோவிலிருந்து 2,770 யூரோ. முதுகலைக்கு 243-லிருந்து 3,770. பிரான்ஸில் படிக்கும் வெளிநாட்டு மாணவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆப்பிரிக்கர் என்பது அரசுக்குத் தெரியாத தகவல் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் கூச்சப்பட்டு விலக்குக் கொடுத்துச் சமாளித்தன. விதி விதியாகவே இருக்கிறது. கட்டணத்தைப் பதினாறு மடங்கு ஏற்றிய அந்தத் திட்டத்துக்கு அரசு வைத்த பெயர்: 'பிரான்ஸுக்கு நல்வரவு'.